கடைசிப் பத்து மீட்டர்

பெட்டி தேடி வருகிறவனுக்கு மலை தெரியாது. ஆல்ப்ஸ் மலைக்குடில்களின் நீண்ட மர மேசைகளில், சூப்புக் கிண்ணங்களுக்கு நடுவே, இந்தத் தீர்ப்பைப் பல மொழிகளில் கேட்டிருக்கிறேன். சொல்பவர்கள் பெரும்பாலும் நல்லவர்கள். முப்பது நாற்பது ஆண்டுகளாக மலை நடப்பவர்கள், வழியில் கிடக்கும் அடுத்தவர் குப்பையையும் பொறுக்கித் தங்கள் பையில் போட்டுக்கொள்பவர்கள். அதனால்தான் அவர்கள் சொல்லுக்கு எடை இருக்கிறது. அதனாலேயே அதை மறுத்துப் பேச வேண்டியும் இருக்கிறது.

அவர்கள் வாதத்தை முதலில் அவர்கள் பக்கம் நின்றே சொல்லிவிடுகிறேன். ஜியோகேச்சிங் என்பது இதுதான்: ஒருவர் ஒரு டப்பாவைக் கல்லிடுக்கில் ஒளித்து வைத்து, அது இருக்கும் இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகையை வெளியிடுவார். மற்றவர்கள் ஜிபிஎஸ் கருவியோடு தேடி வந்து, உள்ளே இருக்கும் சிறு பதிவேட்டில் பெயரெழுதி, இருந்த இடத்திலேயே திரும்ப வைத்துவிட்டுப் போவார்கள். ஊர்ப் பூங்காவில் பிள்ளைகள் ஆடிக்கொள்ளட்டும், இரண்டாயிரம் மீட்டருக்கு மேலே இதற்கென்ன வேலை என்பது அவர்கள் கேள்வி. மலையில் விட்டுச்சென்ற பிளாஸ்டிக் டப்பா, முகவரி எழுதி வைத்தாலும் குப்பைதான் என்கிறார்கள். தேடுகிறவர் பாதையை விட்டு இறங்குகிறார், நூறாண்டு வளர்ந்த செடியை மிதிக்கிறார், கண்ணைத் திரையிலேயே வைத்திருக்கிறார் என்கிறார்கள். மலை என்பது பார்த்து, அமைதியாகி, ஒன்றையும் விடாமல் ஒன்றையும் எடுக்காமல் திரும்ப வேண்டிய இடம் என்கிறார்கள்.

இது இன்று மலை நடப்பவர்களிடையே பொதுப்புத்தியாகவே ஆகிவிட்டது. மறுத்துப் பேசினால் மரியாதை குறைந்தவனைப் போலப் பார்க்கிறார்கள். நான் இதை ஏற்கவில்லை. இதில் செடியைப் பற்றிச் சொல்லப்படும் பகுதி உண்மை, அதைப் பற்றிப் பிறகு பேசுகிறேன். மற்றதெல்லாம் மலையைப் பற்றியும் பார்வையைப் பற்றியும் உள்ள தவறான எண்ணத்தில் நிற்கிறது.

கண் திரையில் இருக்கிறது என்ற குற்றச்சாட்டிலிருந்தே தொடங்குகிறேன், எல்லோரும் அதைத்தான் முதலில் சொல்கிறார்கள். இந்த விளையாட்டின் பிறப்பையே அதற்குச் சான்றாகக் காட்டுவார்கள். அமெரிக்க ராணுவம் பொதுமக்களுக்கான ஜிபிஎஸ் சமிக்ஞையில் வேண்டுமென்றே ஒரு பிழையைக் கலந்து வைத்திருந்தது. நூறு மீட்டர் வரை இடம் தவறும். 2000-ஆம் ஆண்டு மே 1-ஆம் தேதி அதிபர் கிளின்டன் அந்தப் பிழையை நீக்க உத்தரவிட்டார். ஒரே இரவில் உலகிலுள்ள கருவிகளின் துல்லியம் ஏறக்குறைய பத்து மடங்கு கூடியது. மே 3-ஆம் தேதி, ஆரிகன் மாநிலத்தின் பீவர்கிரீக் பக்கத்தில் டேவ் உல்மர் என்பவர் ஒரு கறுப்பு வாளியைக் காட்டோரம் மறைத்து, அதன் இருப்பிடத்தை இணையத்தில் அறிவித்தார். வாளிக்குள் பதிவேடு, பென்சில், சில சில்லறைப் பொருட்கள், ஒரு டின் பீன்ஸ். இவ்வளவுதான் தொடக்கம். கருவிக்காரர்கள் தங்கள் கருவியைச் சோதித்துப் பார்த்த விளையாட்டு, எனவே கருவியை விட்டு அவர்கள் கண் எப்படி நகரும் என்பது வாதம்.

ஒரு விளையாட்டு எப்படிப் பிறந்தது என்பது அது எப்படி ஆடப்படுகிறது என்பதைச் சொல்லிவிடாது. உயர்மலையில் ஒருமுறையாவது தேடிப் பார்த்தவருக்கு ஒன்று தெரியும். அங்கே கருவி கைவிட்டுவிடும். செங்குத்துப் பாறைச் சுவர் பாதி வானத்தை மறைத்துக்கொண்டு நிற்கும், அந்தப் பக்கத்துச் செயற்கைக்கோள்கள் கிடைக்காது. கிடைக்கும் சமிக்ஞையும் பாறையில் பட்டுத் தெறித்துச் சுற்றி வரும். திரையில் அம்பு ஒரு முறை மேலே காட்டும், ஒரு முறை பள்ளத்தைக் காட்டும். நீங்கள் நிற்கும் இடத்திலிருந்து பத்து மீட்டரோ இருபது மீட்டரோ தூரத்துக்குள் எங்கோ இருக்கிறது என்பதோடு கருவியின் வேலை முடிந்தது. போனைப் பையில் போட்டுவிட்டுப் பார்க்கத் தொடங்குவதைத் தவிர வேறு வழி கிடையாது.

அந்தப் பார்வை என்ன செய்கிறது என்பதைச் சொல்ல என் அனுபவம் ஒன்றையே எடுத்துக்கொள்கிறேன். சுவிட்சர்லாந்தின் வலே மாநிலத்தில், அலெட்ச் பனியாற்றின் ஓரமாக மார்யெலன் ஏரிப் பக்கம் போகும் பாதை. ஆயிரக்கணக்கான கற்கள், ஒவ்வொன்றும் டப்பாவை மறைக்கப் போதுமான அளவு. நாற்பது நிமிடம் தேடினேன். முதல் பத்து நிமிடம் எனக்குக் கல் எல்லாம் கல்லாகத்தான் தெரிந்தது. பிறகு ஒரு வேறுபாடு கண்ணில் படத் தொடங்கியது. பெரும்பாலான கற்களின் மேல்முகத்தில், தேசப்படத்தில் நாடுகளை வரைந்தது போல, மஞ்சள்பச்சை நிறத்தில் கறுப்புக் கோடிட்ட பாசிப்படலம் ஒட்டியிருந்தது. படலம் எல்லாக் கல்லிலும் ஒரே அளவில் இல்லை. பாதைக்கு மேலே இருந்த கற்களில் உள்ளங்கை அகலம், கீழே பனியாற்றின் பக்கம் போகப் போக நாணய அளவு, இன்னும் கீழே ஒன்றுமே இல்லை. ஒரே ஒரு தட்டைக் கல்லுக்கு மட்டும் படலம் அடிப்பக்கத்தில் இருந்தது, மேல்முகம் வெறுமையாக இருந்தது. யாரோ ஒரு கை அதைப் புரட்டி வைத்திருக்கிறது. டப்பா அதன் கீழேதான் இருந்தது.

அன்று மாலை குடிலில் படித்தபோதுதான் தெரிந்தது, நான் தட்டுத்தடுமாறிக் கண்டது ஒரு விஞ்ஞான முறை என்று. அந்தப் படலம் லைக்கன் வகை, அதன் பெயரிலேயே புவியியல் இருக்கிறது: ரைசோகார்ப்பான் ஜியோகிராஃபிகம். ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர்கூட வளராது. பனியாறு பின்வாங்கி ஒரு கல் வெளிச்சத்துக்கு வந்த பிறகுதான் அதில் லைக்கன் பிடிக்கத் தொடங்கும். ஆகவே படலத்தின் அகலத்தை அளந்தால் அந்தக் கல் எப்போது பனிக்கு வெளியே வந்தது என்று கணிக்கலாம். ஆஸ்திரியாவைச் சேர்ந்த ரோலண்ட் பெஷல் 1950-இல் ஆல்ப்ஸின் பனியாற்றுக் கற்குவியல்களை வைத்து இந்த முறையை உருவாக்கினார். அந்தப் பாதையில் நான் அதற்கு முன் இரண்டு முறை நடந்திருக்கிறேன். இரண்டு முறையும் அலெட்ச் பனியாற்றைப் பார்த்து வாயடைத்து நின்றேன், படம் எடுத்தேன், நகர்ந்தேன். கற்கள் வயது வரிசையில் அடுக்கி வைத்தது போலக் காலடியில் கிடந்தன, நான் பார்க்கவில்லை. டப்பா தேடிய மூன்றாவது முறைதான் பார்த்தேன்.

குடில் மேசையில் சொல்லப்படும் அந்த உயர்ந்த பார்வை, அதாவது அமைதியாக நின்று மலையை முழுவதும் பார்ப்பது, அழகானதுதான். அதை நான் இழிவாகப் பேசவில்லை. ஆனால் அது தூரத்தைப் பார்க்கும் பார்வை. சிகரத்தையும் சரிவையும் மேகத்தையும் ஒரே சட்டகத்துக்குள் எடுத்துக்கொள்ளும், காலடியில் இருப்பதை விட்டுவிடும். எதையாவது தேடுகிற கண் வேறு மாதிரி வேலை செய்கிறது. ஆடு மேய்ப்பவர் புல்லைப் பார்ப்பது, மூலிகை பறிப்பவர் இலையைப் பார்ப்பது, ஸ்படிகம் தேடும் மலைக்காரர் பாறைப் பிளவைப் பார்ப்பது எல்லாம் இந்த வகைதான். ஆல்ப்ஸில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர்களின் பார்வை அதுவே. வெறுமனே பார்ப்பதற்காக மட்டும் மலைக்கு வருவது நகரத்திலிருந்து வந்த பழக்கம், அதற்குப் பெரிய வயதில்லை.

இரண்டாவது குற்றச்சாட்டு, மலையில் எதையும் விட்டுவிட்டு வரக் கூடாது என்பது. இதைச் சொல்பவர்கள் மலையின் அறிவு எப்படிச் சேர்ந்தது என்பதை மறந்துவிடுகிறார்கள். 1827-இல் பிரான்ஸ் யோசப் ஹூகி என்ற சுவிஸ் ஆய்வாளர் உன்டரார் பனியாற்றின் மேல், அதன் நடுவே ஓடும் கற்குவியல் வரிசையில், ஒரு சிறு குடிலைக் கட்டினார். மூன்று ஆண்டு கழித்துப் போனபோது குடில் ஏறக்குறைய நூறு மீட்டர் கீழே நகர்ந்திருந்தது. 1836-இல் எழுநூறு மீட்டரைத் தாண்டியிருந்தது. அதற்குச் சில ஆண்டுகள் கழித்து லூயி அகாசி என்ற ஆய்வாளர் அந்தப் பனியாற்றுக்கு வந்தார். ஹூகியின் குடில் இருந்த இடத்தில் ஒரு பாட்டிலில் காகிதங்கள் கிடைத்தன. குடில் எந்த ஆண்டு எந்த இடத்தில் கட்டப்பட்டது, பிறகு எந்த ஆண்டு எவ்வளவு தூரம் நகர்ந்திருந்தது என்று அவற்றில் எழுதியிருந்தது. தொடக்கப் புள்ளியிலிருந்து ஒரு கிலோமீட்டருக்கு மேல் கீழே நின்றுகொண்டு அகாசி அதைப் படித்தார். பனி ஓடுகிறது என்பதை, எவ்வளவு வேகத்தில் ஓடுகிறது என்பதை, அந்தப் பாட்டில் அவருக்குச் சொன்னது.

இதில் என்னவெல்லாம் இருக்கின்றன என்று பாருங்கள். மலைமேல் ஒரு மனிதர் ஒரு கலத்தை வைக்கிறார். உள்ளே தேதியும் இடமும் எழுதிய காகிதம். முன்பின் அறியாத இன்னொருவர் வருவார், படிப்பார், தான் கண்டதைச் சேர்த்துக்கொள்வார் என்ற நம்பிக்கை. அகாசியே அடுத்து அதே பனியாற்றில் ஒரு பெரும்பாறைக்கு அடியில் தங்கி ஆய்வு நடத்தினார். நியூஷாட்டல் ஊர்க்காரர்களின் விடுதி என்று அந்தப் பாறைக்குப் பெயர் வைத்து, தங்கள் பெயர்களைக் கல்லில் வெட்டிவைத்தார்கள். அந்த நூற்றாண்டில் சிகரம் ஏறியவர்கள் உச்சியில் கற்களைக் குவித்து, நடுவே பாட்டிலில் தங்கள் பெயர் எழுதிய சீட்டை வைத்துவிட்டு இறங்கினார்கள். இன்றும் ஆஸ்திரியாவிலும் பவேரியாவிலும் சுவிட்சர்லாந்திலும் எத்தனையோ சிகரங்களில் சிலுவையடியில் ஓர் உலோகப் பெட்டியும் அதற்குள் சிகரப் பதிவேடும் இருக்கின்றன. குடில் மேசையில் என்னைக் கண்டிக்கும் அதே நண்பர்கள் அந்தப் பதிவேட்டில் தேதி போட்டுக் கையெழுத்திடுகிறார்கள், முன்னால் வந்தவர்களின் வரிகளைப் புரட்டிப் படிக்கிறார்கள், சரியாகவே செய்கிறார்கள். உச்சியில் இருந்தால் மரபு, இருநூறு மீட்டர் கீழே கல்லுக்கடியில் இருந்தால் குப்பை என்று பிரிக்க எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை.

பிளாஸ்டிக் என்பதுதான் காரணம் என்றால் அது நேர்மையான காரணம், அதை ஏற்கிறேன். உயர்மலைக்கு மலிவான சோற்று டப்பா ஆகாது. இரண்டு குளிர்காலம் போனால் மூடி வெடித்துவிடும், உள்ளே காகிதம் கூழாகும், துண்டுகள் சரிவில் இறங்கும். அப்படிப்பட்ட டப்பாவை நானே இரண்டு முறை சுமந்து கீழே கொண்டு வந்திருக்கிறேன். பராமரிக்க முடியாத இடத்தில் வைப்பவர் தவறு செய்கிறார். ஆனால் அது வைத்தவரின் தவறு. சாயம் அழிந்த வழிக்குறி ஒன்றைக் கண்டால் அதைப் புதுப்பிக்கத்தான் சொல்வோம், மலைப்பாதைகளுக்கு வழிக்குறியே வேண்டாம் என்று சொல்ல மாட்டோம்.

ஒன்றையும் விடாதே என்ற கட்டளைக்கு ஓர் ஊர் உண்டு, அது ஆல்ப்ஸ் அல்ல. அமெரிக்கா 1964-இல் காட்டுநிலச் சட்டம் இயற்றியது. மனிதன் தங்காமல் வந்துபோக மட்டும் உரிமையுள்ள நிலம் என்ற கருத்து அதில் இருக்கிறது. அங்கே அப்படி அறிவிக்கப்பட்ட நிலங்களில் பெட்டி வைக்கக் கூடாது, தேசியப் பூங்காக்களிலும் நிர்வாகத்தின் அனுமதி இல்லாமல் வைக்க முடியாது. அந்த நிலத்துக்கு அந்தச் சட்டம் பொருந்துகிறது. ஆனால் ஆல்ப்ஸ் அப்படிப்பட்ட நிலமாக இருந்ததே இல்லை. ஆல்ப் என்ற சொல்லுக்கே மலைமக்கள் பேச்சில் சிகரம் என்று பொருளில்லை, கோடையில் மாடு ஏறி மேயும் மேய்ச்சல் நிலம் என்றுதான் பொருள். அந்தக் கோடை மேய்ச்சல் வாழ்க்கையைத்தான் யுனெஸ்கோ 2023-இல் மனிதகுலத்தின் மரபுச் செல்வங்களில் ஒன்றாகச் சேர்த்தது. நாம் புல்வெளி என்று மயங்கி நிற்கும் சரிவில் பாதி, மாடு மேயாவிட்டால் புதர் மண்டி மரம் வளர்ந்துவிடும். வலே மாநிலத்தில் செங்குத்துப் பாறையின் முகத்தில் பலகை அடித்து, பனியாற்று நீரை வயலுக்குக் கொண்டுபோன வாய்க்கால்கள் நூற்றாண்டுகளாக இருக்கின்றன. மிக அழகான நடைபாதைகளில் சில அந்த வாய்க்கால் கரைகள்தான். 1912 முதல் யுங்ஃப்ரா சிகரத்தின் தோளில், 3,454 மீட்டர் உயரத்துக்கு, மலையைக் குடைந்து ரயில் போகிறது. ஹூகியின் பாட்டில் கிடைத்த உன்டரார் பனியாற்றின் நீர் இன்று கிரிம்செல் அணைக்குள் விழுகிறது. நாம் உட்கார்ந்து சூப் குடிக்கும் குடிலுக்குச் சாமான் ஹெலிகாப்டரில் வருகிறது.

இதையெல்லாம் குறையாகச் சொல்லவில்லை. மனிதன் கை படாத மலை என்று ஒன்றை ஆல்ப்ஸின்மேல் வரைந்துகொண்டு, அந்த ஓவியத்தை ஒரு சிறு டப்பா கெடுத்துவிட்டது என்று வருந்துவது, அங்கே வாழ்ந்த மக்களின் உழைப்பைக் கண்ணிலிருந்து அழித்துவிடுகிறது என்பதுதான் என் வருத்தம்.

இப்போது செடிக்கு வருகிறேன். இங்கே எதிர்த்தரப்பு சொல்வது உண்மை, அதைக் குறைத்துப் பேச மாட்டேன். மரக்கோட்டுக்கு மேலே வளரும் மெத்தைச்செடிகள் கைப்பிடி அகலத்துக்கு வரவே பல பத்தாண்டுகள் ஆகும், நூறாண்டைக் கடந்தவை சாதாரணமாக உண்டு. கொலராடோவின் ராக்கி மலைத் தேசியப் பூங்காவில் பியாட்ரிஸ் வில்லர்ட் என்ற சூழலியலாளர் 1950-களின் இறுதியில், மிதிபட்ட மலைத்துந்திராவில் சில துண்டுகளுக்கு வேலியிட்டு, அவை எப்படி மீள்கின்றன என்று ஆண்டுக்கணக்கில் கவனித்தார். மோசமாகச் சிதைந்த இடங்கள் பழைய நிலைக்கு வர நூற்றாண்டுகள் ஆகும் என்பது அவர் கண்ட முடிவு. ஆனால் அந்த இடங்களை மிதித்தவர்கள் யார்? அந்தப் பூங்காவின் உயர்சாலை 1932-இல் திறக்கப்பட்டது. வண்டியை நிறுத்தி இறங்கி, காட்சியைப் பார்ப்பதற்காக நாலடி நடந்தவர்கள்தான் மிதித்தவர்கள். ஜிபிஎஸ் பிறப்பதற்கு வெகு முன்பே, ஒன்றையும் தேடாமல், ஒன்றையும் விடாமல், வெறுமனே பார்க்க வந்தவர்கள் அவர்கள்.

ஆல்ப்ஸிலும் கதை இதுவே. ஆப்பென்செல் பகுதியில் பாறைச் சுவரோடு ஒட்டிக் கட்டிய எஷர் விடுதியின் படம் 2015-இல் நேஷனல் ஜியோகிராபிக் புத்தகம் ஒன்றின் அட்டையில் வந்தது. அதே படத்தைத் தாங்களும் எடுக்க வேண்டும் என்று வந்த கூட்டத்தைத் தாங்க முடியாமல், விடுதியை நடத்தியவர்கள் 2018-இல் விலகிக்கொண்டார்கள். தென் டிரோலின் பிரெய்ஸ் ஏரிக்குக் கோடை மாதங்களில் காரில் போக முன்பதிவு வேண்டியிருக்கிறது. அந்த ஏரிக்கரையை அழிப்பது காட்சிப் பசி. நான் பார்த்த உயர்மலைப் பதிவேடுகளில் ஒரு பக்கம் நிரம்பவே இரண்டு கோடைகள் ஆகின்றன. மிதிபடுவதுதான் கவலை என்றால், கவலைப்படுகிறவர்கள் முதலில் கேள்வி கேட்க வேண்டியது காட்சிமுனைகளையும் படங்களையும் குறித்து. அவர்கள் கேட்பதில்லை, ஏனென்றால் பார்ப்பது புனிதம் என்றும் தேடுவது அற்பம் என்றும் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டார்கள்.

மிதியைக் குறைக்க என்ன செய்யலாம் என்பது தீர்க்கக்கூடிய கேள்வி, பாதி தீர்க்கப்பட்டும் இருக்கிறது. பெட்டியை மண்ணில் புதைக்கக் கூடாது என்பது இந்த விளையாட்டின் அடிப்படை விதி. இரண்டு பெட்டிகளுக்கு நடுவே குறைந்தது 161 மீட்டர் இடைவெளி வேண்டும். புதிய பெட்டி ஒவ்வொன்றையும் வெளியிடுமுன் தன்னார்வலர் ஒருவர் சரிபார்க்கிறார். ஜெர்மனியில் வௌவால்கள் குளிர்காலத்தைத் தூங்கிக் கழிக்கும் குகைகளில் உள்ள பெட்டிகள் அந்த மாதங்களில் முடக்கப்படுகின்றன. நான் இதற்கு மேலும் கேட்கிறேன். மரக்கோட்டுக்கு மேலே, குறியிட்ட பாதையிலிருந்து கை நீட்டினால் எட்டும் தூரத்துக்கு வெளியே ஒரு பெட்டியும் இருக்கக் கூடாது. செடி பிடித்த மண்ணில் வேண்டவே வேண்டாம், வெறும் பாறையிலோ மனிதர் கட்டிய கற்சுவரிலோ இருக்கட்டும். 1914-இல் தொடங்கிய சுவிஸ் தேசியப் பூங்காவில் பாதையை விட்டு ஓரடியும் விலகக் கூடாது, அங்கே ஒரு கூழாங்கல்லைக்கூட எடுக்கக் கூடாது. அந்த இடம் அப்படியே இருக்கட்டும். அங்கே பெட்டி வைக்க வேண்டும் என்று எந்த நல்ல ஆட்டக்காரரும் கேட்க மாட்டார்.

பறவைகளைப் பற்றியும் சொல்வார்கள். பனிக்கோழியும் கருங்கோழியும் குளிர்காலத்தில் பனிக்குள் குழி தோண்டிப் பதுங்கி உயிரைக் காத்துக்கொள்கின்றன. எழுப்பிவிட்டால் பறந்து தப்புவதிலேயே சேமித்த வலுவைச் செலவழித்துவிடுகின்றன. தடம் விலகிச் சறுக்குகிறவர்களால் கருங்கோழிகளின் மன அழுத்தம் கூடுவதை பெர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அவற்றின் எச்சத்தில் உள்ள ஹார்மோனை அளந்தே காட்டினார்கள். உயர்மலையில் கல்லடியில் வைத்த பெட்டி நவம்பர் முதல் ஜூன் வரை இரண்டு மீட்டர் பனிக்குக் கீழே கிடக்கும். அதைத் தேடி அப்போது ஒருவரும் வருவதில்லை.

எண்ணிக்கை வெறி என்ற குற்றச்சாட்டும் உண்டு. இத்தனை ஆயிரம் பெட்டி கண்டேன் என்று சொல்லிக்கொள்வதற்காகவே ஓடுகிறவர்கள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் ஆல்ப்ஸில் நாலாயிரம் மீட்டரைத் தாண்டும் சிகரங்கள் என்று 1994-இல் சர்வதேச மலையேற்றச் சம்மேளனம் 82 பெயர்களைப் பட்டியலிட்டது. அவற்றை ஒவ்வொன்றாக ஏறிக் கணக்கு வைப்பவர்களை வீரர்கள் என்கிறோம். எண்ணிக்கை மலையைச் சின்னதாக்கும் என்றால் அங்கேயும் சின்னதாக்கத்தான் வேண்டும்.

ஆபத்தை நோக்கி ஆளை இழுக்கிறது என்பதற்கு எனக்குச் சுருக்கமான பதில்தான். ஒவ்வொரு பெட்டிக்கும் நிலத்தின் கடினம் ஒன்று முதல் ஐந்து நட்சத்திரம் வரை குறிக்கப்படுகிறது, ஐந்து என்றால் கயிறோ படகோ வேறு தனிக் கருவியோ வேண்டும் என்று பொருள். சுவிஸ் ஆல்பைன் சங்கம் பாதைகளுக்கு வைத்திருக்கும் ஆறு படித் தரவரிசையைப் போன்றதுதான் இது. ஒரு சிகரத்தின் படத்தைப் பார்த்து எந்த முன்னறிவும் இல்லாமல் கிளம்புகிறவரைவிட, நட்சத்திரத்தையும் முன்னால் போனவர்களின் குறிப்புகளையும் படித்துவிட்டுக் கிளம்புகிறவர் பாதுகாப்பானவர்.

இன்னொன்று இருக்கிறது, அதை எந்த மேசையிலும் யாரும் பேசக் கேட்டதில்லை. பெட்டிக்குள் இருக்கும் காகிதம். ஒருநாள் 2,600 மீட்டரில், மேகம் இறங்கி எதிரே கை நீட்டினால் விரல் தெரியாத நிலையில், பாதையோரச் சுவரொன்றில் இருந்த பெட்டியைத் திறந்தேன். கடைசியாக எழுதியவர் பதினெட்டு நாட்களுக்கு முன் வந்திருந்தார். அவரும் மேகத்தில் மாட்டிக்கொண்டு, கீழே போகும் வழிக்குறி எந்தப் பாறையில் இருக்கிறது என்று இரண்டு வரி எழுதி வைத்திருந்தார். அவர் யாரென்று எனக்குத் தெரியாது. அந்த இரண்டு வரியோடு அரை மணி நேரம் சுவரோரம் உட்கார்ந்திருந்தேன், மேகம் விலகியதும் அவர் சொன்ன பாறையைப் பார்த்தேன், இறங்கினேன். மலையில் தனிமை வேண்டும் என்கிறார்கள். வேண்டும்தான். ஆனால் தனியாக இருக்கும்போது தன்னைப் போல இன்னொருவரும் இங்கே நின்றார் என்று அறிவது தனிமையைக் கெடுக்கவில்லை, தாங்கக்கூடியதாக ஆக்கியது.

பெட்டியே இல்லாத வகையும் இந்த ஆட்டத்தில் உண்டு. கண்டிப்பவர்களில் பலர் அதைக் கேள்விப்பட்டதே இல்லை. 2004 முதல் அமெரிக்கப் புவியியல் கழகத்தின் துணையோடு எர்த்கேச் என்ற பிரிவு நடக்கிறது. அதில் ஒளித்து வைத்த பொருள் எதுவும் கிடையாது. நிலம் மட்டும் இருக்கும், அதைப் பற்றிய கேள்விகள் இருக்கும். அங்கே போய், நின்று, பார்த்து, அளந்து, அந்தக் கேள்விகளை அமைத்தவருக்கு விடையை அனுப்ப வேண்டும். செடி பிடித்த உயர்மலைச் சரிவு முழுவதும் இந்த வகைக்கு மாறினால் நான் மகிழ்வேன். பெட்டியின்மேல் எனக்குப் பற்றில்லை. கருவி கைவிட்ட பிறகு கண் விழித்துக்கொள்கிற அந்தக் கடைசிப் பத்து மீட்டரின்மேல்தான் பற்று.

அலெட்ச் பக்கம் அப்படிப்பட்ட கேள்விகளுக்குப் பஞ்சமில்லை. மோஸ்ஃப்ளூ சரிவை எடுத்துக்கொள்ளுங்கள். பனியாறு மெலிந்து, முட்டுக்கொடுத்த பனி போனதால், 2016 இலையுதிர் காலத்தில் மலைச்சரிவே வேகமாக நகரத் தொடங்கியது. பாதைகளை மூட வேண்டியதாயிற்று. அதன் உச்சியில் உள்ள கேபிள் கார் நிலையத்தை, சரிவு நகர்ந்தால் தானும் நகர்த்திச் சரிசெய்துகொள்ளும்படியே கட்டியிருக்கிறார்கள். அங்கே ஒரு பாறையின் அட்சரேகை தீர்க்கரேகையைக் குறித்துவிட்டு, ஓராண்டு கழித்து அதே பாறையிடம் மறுபடி வந்து பார்க்கச் சொன்னால் போதும். ஹூகி தன் குடிலுக்குச் செய்தது அதுவே.

மேலே, மூன்று பெரும் பனிப்பரப்புகள் கூடும் கொன்கோர்டியா என்ற இடத்தில் பாறைமேல் ஒரு மலைக்குடில் இருக்கிறது. 1877-இல் கட்டியபோது பனியாற்றிலிருந்து ஐம்பது மீட்டர் ஏறினால் வந்துவிடும். பனி தாழ்ந்துகொண்டே போனது. பாறையில் இரும்புப் படிகளை அடித்தார்கள். பனி இன்னும் தாழ்ந்தது, கீழே இன்னும் படிகளைச் சேர்த்தார்கள். இன்று நானூறுக்கும் மேலே படிகள். எனக்கு வாய்ப்புக் கிடைத்தால் அங்கே ஒரு கேள்வி மட்டும் வைப்பேன்: கீழிருந்து ஏறும்போது படிகளை எண்ணுங்கள், எந்தப் படியிலிருந்து இரும்பு பழையதாகத் தெரிகிறது, அந்தப் படியில் பனி எந்த ஆண்டு இருந்திருக்கும்? மூச்சு வாங்கிக்கொண்டு, தலை குனிந்து, ஒவ்வொரு படியையும் பார்த்தபடி ஏறுகிற ஒருவரை மேலே குடில் வாசலில் நிற்பவர்கள் பார்ப்பார்கள். முதுகுக்குப் பின்னால் அலெட்ச் முழுவதும் விரிந்து கிடக்க, அவர் திரும்பியே பார்க்கவில்லையே என்று நினைப்பார்கள்.